இரண்டாம் தாரமும் எத்தியோப்பியாவின் புதுச் சட்டமும்

1

அப்பாவின் தலைத்திவசத்தன்று நான் ஜிம்மாவில் இருந்தேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலில் உட்கார்ந்து, எத்தியோப்பியாவுக்கு எழுதியிருந்த புது அரசியல் சட்டத்தின் நகலை ஒருவர் வரிவரியாக வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதே நேரம் சுருளிப்பட்டியில் பெரியம்மா வீட்டில் அப்பாவுக்கு இலை போட்டிருப்பார்கள். அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் அம்மாவைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இதைப் படிக்கிற நம்ம ஊர்க்காரர்கள் கேட்கலாம். அன்று காலை வரை எனக்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் வாத்தியார் வேலைக்கு ஆள் எடுத்தபோது இங்கே வந்தவர்கள். இவருக்குக் கணக்கு, எனக்கு இங்கிலீஷ். ஜிம்மா மலைநாடு. காப்பிச் செடி, மழை, சகதி, யூகலிப்டஸ் விறகுப் புகை. ஏலக்காய்க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு காய் சந்தையில் விற்கும். முதல் தடவை அதை மோந்து பார்த்துவிட்டு இவர், "போடிக்கு டிக்கெட் எடுக்காமயே வந்துட்டமே" என்றார். இவர் தமாஷ் எல்லாம் அந்த அளவில்தான் இருக்கும்.

வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. வாடகை வீட்டுக் கொல்லையில் வாட்டசாட்டமாக ஒரு வாழை நின்றது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவளுக்கு வாழையைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? சாணி போட்டேன், மண் அணைத்தேன், காய்ந்த சருகை அறுத்தேன், குலை தள்ளினால் முட்டுக் கொடுக்க ஒரு கம்பும் தேடி வைத்தேன். வருஷம் போயிற்று, குலை வரவில்லை. பக்கத்து வீட்டு ஸைனபா வேலி ஓரம் நின்று தினம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் உள்ளே வந்து, "டீச்சர், இது வாழை இல்லை. இதில் திங்கிற மாதிரி பழம் வராது. அடியைத் தோண்டி மாவெடுத்துத் திங்கிற செடி" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

2

ஸைனபா ஒரு காப்பி வியாபாரியின் இரண்டாவது மனைவி. முதல் மனைவி ஊருக்கு வெளியே, காப்பித் தோட்டத்து வீட்டில் இருக்கிறாள். அவர் பாதி வாரம் அங்கே, பாதி வாரம் இங்கே. இஸ்லாமிய முறைப்படி நடந்த கல்யாணம், ஊரே சாப்பிட்ட கல்யாணம், இதில் ஒளிவு மறைவு கிடையாது. ஸைனபா அதைச் சொல்லும்போது குரல் கூட மாறாது. எனக்குத்தான் கேட்கும்போது என்னவோ போல இருக்கும்.

ஏனென்றால் என் அம்மாவும் இரண்டாம் தாரம். அப்பாவுக்கும் மூத்த தாரமான பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை என்று, பெரியம்மா சம்மதத்தோடு, சுருளி அருவிக்கரைக் கோயிலில் வைத்து அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டினார். நம் நாட்டு அரசியல் சட்டத்தை டில்லியில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. மதராஸ் மாகாணத்தில் இந்துக்கள் இரண்டாவது கல்யாணம் செய்தால் செல்லாது என்று சட்டம் வந்தும் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. சுருளிப்பட்டியில் யாரும் வந்து அதை வாசித்துக் காட்டவில்லை. தாலி கட்டியாயிற்று, நானும் பிறந்தாயிற்று. சட்டம் எங்கள் ஊருக்கு நடந்து வந்து சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது ஒன்று நடந்தது. என் பெயருக்குப் பின்னால் வீட்டுக்காரர் பெயரை எழுதியிருந்தேன். அந்த அதிகாரி அதை அடித்துவிட்டு, "இது உன் புருஷன் பெயர். உன் பெயர் என்ன?" என்று கேட்டார். இந்த நாட்டில் ஆணோ பெண்ணோ, தன் பெயர், பின்னால் அப்பா பெயர். கல்யாணத்தால் அது மாறாது. நான் என் அம்ஹாரிக்கில் பதில் சொன்னேன். அவசரத்தில் அந்த மீசைக்கார அதிகாரியைப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் அப்பா பெயரை எழுதிக்கொண்டார். எத்தனையாவது தாரத்துப் பிள்ளை என்பது அந்தப் பெயரில் தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

புது அரசியல் சட்ட நகல் வந்த வருஷம் எங்கள் மகள் வனிதாவுக்குப் பதினொன்று முடிந்திருந்தது. அம்ஹாரிக் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் என்றால் விருந்தாளிக்குப் போடுகிற பாய் மாதிரி, யாராவது வந்தால் எடுப்பாள். கெபெலேயில் நகலைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். கெபெலே என்பது நம்ம வார்டு மாதிரி. ரேஷனிலிருந்து புருஷன் பெண்டாட்டி சண்டை வரை அங்கேதான் போகும். வனிதா ஒரு பிரதியோடு ஓடி வந்து, "அம்மா, நம்ம நாட்டுக்குப் புதுச் சட்டம் வருது" என்றாள். இவர் என்னைப் பார்த்தார், நான் அடுப்பைப் பார்த்தேன்.

"நமக்கென்ன, நாம ஒப்பந்தத்துக்கு வந்த ஆளுக. படிச்சுட்டுப் பத்திரமா வையி, மழைக்கு அடுப்புப் பத்த வைக்க ஆகும்" என்றார் இவர்.

"அப்பா!" என்றாள் வனிதா. அவளுக்கு நிஜமாகவே கோபம்.

3

நகலை வாசிக்கிற கூட்டத்துக்கு எல்லோரும் வர வேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். அயல்நாட்டுக்காரர்களுக்குக் கட்டாயம் இல்லை. ஸைனபாதான் என்னைக் கூப்பிட்டாள். "உங்க பள்ளிக்கூடம்தானே, நீங்க பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியம்" என்றாள். எதற்குத் தைரியம் என்று நான் கேட்கவில்லை. வனிதாவை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டேன்.

வெளியே அடைமழை. ஹாலுக்குள் நனைந்த கம்பளி நாற்றம். கெபெலேத் தலைவர் நல்ல மனிதர், தொண்டை கட்டியிருந்தும் நிறுத்தாமல் வாசித்தார். நாடு, நிலம், உழைப்பு, உரிமை, கடமை. வாசித்து முடித்து ஒவ்வொரு இடத்திலும் "கேள்வி உண்டா?" என்பார். வரி பற்றிக் கேட்டார்கள், மதம் பற்றிக் கேட்டார்கள். குறிப்பெடுக்கிறவர் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்குத் தலைத்திவசம் நினைப்பு. ஊரில் இப்போது என்ன நேரம் இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

கல்யாணம் பற்றிய இடம் வந்தது. ஒரு ஆணுக்கு ஒரு மனைவிதான் என்பது சாரம். தாடி வைத்த பெரியவர்கள் வரிசையாக எழுந்தார்கள். எங்கள் மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது, இதை எடுக்க வேண்டும் என்றார்கள். சத்தம் கூடியது. தலைவர், "எழுதிக்கொள்கிறோம், மேலே அனுப்புகிறோம்" என்று கை காட்டி உட்கார வைத்தார்.

அப்போது பக்கத்தில் பெஞ்சு அசைந்தது. ஸைனபா எழுந்து நின்றாள். பெண்கள் பக்கத்திலிருந்து அதுவரை யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் பேசப் பேச வனிதா என் காதில் சொன்னாள்.

"அவங்க சொல்றாங்க, இந்தச் சட்டத்தை நான் எதிர்க்கலே. என் பொண்ணு யாருக்கும் ரெண்டாவதா போகக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனா நான் ஏற்கெனவே ரெண்டாவது. எனக்கு மூணு பிள்ளை. இந்தப் புத்தகத்தில் நான் எந்த லைன்ல இருக்கேன்? எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டினார். அந்த மனிதர் உண்மையிலேயே தேடினார். பிறகு, "அப்படி ஒரு வரி இல்லை, சகோதரி" என்றார்.

"அப்போ எழுதிக்கோங்க" என்றாள் ஸைனபா. குறிப்பெடுக்கிறவர் எழுதும்வரை அவள் உட்காரவில்லை.

  

4

முந்தின வருஷம் ஆடி மாதம், நாங்கள் விடுமுறைக்கு ஊரில் இருந்தபோதுதான் அப்பா போய்ச் சேர்ந்தார். பெரியம்மா வீட்டில் வைத்து, தூக்கத்தில். கல்யாணச் சாவு என்றார்கள்.

நம் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். இங்கே பிறந்த பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். புருஷன் செத்தால் பெண்டாட்டியின் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டு வந்து அவளுக்குப் போர்த்துவார்கள். அதற்குக் கோடி என்று பேர். கோடி போர்த்திய பிறகுதான் தாலியைக் கழற்றுவது. கொடுமையான சடங்குதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவள் அவன் பெண்டாட்டி என்று ஊரே ஒப்புக்கொள்ளும் கடைசி இடமும் அதுதான்.

அம்மா எங்கள் வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரமுடியை விரித்துப் போட்டு, தரையில் உட்கார்ந்திருந்தாள். தாலியை ரவிக்கைக்கு வெளியே எடுத்து விட்டிருந்தாள். கழற்ற வருகிறவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாதாம். அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், கம்பத்தில் கோடி எடுத்துக்கொண்டு நேரே சாவு வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

அங்கே பெரியம்மாவுக்குக் கோடி போர்த்தியாகிவிட்டது. அவள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மாமா பந்தலில் நின்று ஊர்ப் பெரியவரிடம் சொன்னார்:

"எங்கக்காவுக்கும் கோடி கொண்டாந்திருக்கேன். அங்கனயே வச்சுப் போத்துறதா, இல்ல அவள இங்கன கூட்டியாரவா? நீங்க சொல்றபடி."

பெரியம்மாவின் தம்பிதான் பதில் சொன்னார். "ஒரு கட்டைக்கு ஒரு கோடிதேன். எங்கக்காவுக்குப் போத்தியாச்சு."

"அப்ப எங்கக்கா கழுத்துல கெடக்கது என்னய்யா?"

"கவர்மெண்டு சட்டப்படி அது வெறுங்கயிறுதேன். சந்தேகமா இருந்தா உத்தமபாளையம் கோர்ட்டுல போயிக் கேட்டுப் பாரு. இன்னைக்குக் கோடியப் போத்துவீக, நாளைக்குத் தோட்டத்துல பங்கும்பீக."

மாமா ஊர்ப் பெரியவரைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார். "பொழுது சாயுதப்பா, எடுக்கணும்ல. பொண்டாட்டின்னா அவுக ஒருத்திதேன். மத்தத பொறகு பேசிக்கிருவோம்" என்றார். சுற்றி நின்றவர்கள் அதுவும் சரிதான் என்று தலையாட்டினார்கள். சட்டம் வந்து எத்தனையோ வருஷமாக அதை ஏறெடுத்துப் பார்க்காத ஊர், அன்றைக்கு ஒரே நிமிஷத்தில் அதை மனப்பாடமாக ஒப்பித்தது. பெரியம்மா மாமாவின் கையிலிருந்த பொட்டலத்தையே பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்தேன்.

"கூப்பிட்டாகளா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"கூட்டம் சாஸ்தியா இருக்கும். ஆள் விடுவாக. இருப்போம்."

இருந்தோம். கொட்டுச் சத்தம் கிளம்பியது. எங்கள் தெருமுனை வரை வந்தது. ஒரு நிமிஷம் அங்கேயே நின்ற மாதிரி இருந்தது. பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பி, தேய்ந்து, கேட்காமல் போயிற்று. அம்மா ஈரமுடியைத் தட்டி முடிந்துகொண்டாள். தாலியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வனிதா பசியோட இருப்பா" என்று எழுந்தாள்.

இழவு வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். அம்மா அடுப்புப் பற்றவைத்து உலை வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. எத்தியோப்பியாவுக்குத் திரும்பி வந்த பிறகும் வரவில்லை. பரீட்சைத் தாள் திருத்தினேன், துணி துவைத்தேன், சிரித்தேன்கூட. உள்ளே ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு மாமா கடிதம் போடும்போதெல்லாம் அதே பல்லவி. அம்மா இன்னும் தாலியோடு இருக்கிறாள், பொட்டு வைக்கிறாள், ஊர் ஏசுகிறது. கழற்ற ஆள் வராமல் அவளாகக் கழற்ற மாட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் தாயை யாராவது ஒருத்தர் முறைப்படி விதவையாக்கி விடுங்களேன் என்று ஒரு மகள் வேண்டிக்கொள்வதை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? நான் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

5

கூட்டம் முடிந்து சகதியில் நடந்து வரும்போது வனிதா கேட்டாள்: "அம்மாச்சியும் ரெண்டாவதுதானே? அவங்க எந்த லைன்ல இருக்காங்க?"

"எந்த லைன்லயும் இல்ல."

"எழுந்து கேட்க வேண்டியதுதானே?"

"நம்ம ஊர்ல அப்பிடிக் கேக்க முடியாதுடி."

"அது உங்க ஊரு" என்றாள். "நம்ம ஊர்ல ஸைனபா ஆன்ட்டி கேட்டாங்கல்ல."

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. கை எழவில்லை. அவள் சொன்னதில் தப்பு என்ன என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

நகல் தலைநகருக்குப் போனது. எத்தனையோ இடங்களில் எத்தனையோ பேர் கேட்டதெல்லாம் போனது. எதைத் திருத்தினார்கள், எதை விட்டார்கள் என்று பத்திரிகையில் நீளமாக வந்தது. வனிதா படித்துச் சொன்னாள், எனக்கு மனசில் நிற்கவில்லை. மழை ஓய்ந்து, வெயில் வந்து, சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று மக்கள் ஓட்டுப் போடும் நாளும் வந்தது. ஸைனபா வெளுத்த உடுப்பு உடுத்திப் போய்விட்டு வந்தாள். காப்பிக்கொட்டை வறுத்து எங்களைக் கூப்பிட்டாள்.

"என்ன போட்டாய்?" என்றேன்.

"சம்மதம் என்றுதான். எல்லாரும் அதைத்தான் போட்டார்கள்."

"உன் கேள்விக்குப் பதில் வந்ததா?"

"இல்லை." அவள் கொட்டையைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "ஆனால் எழுதிக்கொண்டார்களே, டீச்சர். இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு காகிதத்தில் இருக்கிறது. உங்கள் நாட்டில் எப்படி?"

"எங்கள் சட்டத்தில் இரண்டாவது மனைவி என்று யாரும் கிடையாது" என்றேன். அம்மாவைப் பற்றி அன்றுதான் அவளிடம் முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்கள் அம்மாவிடம் அவளுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா?" என்றாள். நான் காப்பியைக் குடித்தேன்.

6

அந்த வருஷ விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். தேனியில் பஸ் ஏறி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஒவ்வொரு ஊராக வரும்போது வனிதா ஜன்னலில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஊரில் இறங்கினால் அம்மா நிற்கிறாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், தலையில் மல்லிகை. பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பொம்பளைகள் அவளை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீயாச்சும் சொல்லுத்தா. செத்து ரெண்டு வருசமாச்சு, பூவும் பொட்டுமாத் திரியிறா. கடைத்தெருவுல தலகாட்ட முடியல. நான் சொன்னா, 'ஒஞ்சோலியப் பாரு'ங்கிறா."

நான் அன்றைக்கே பெரியம்மா வீட்டுக்குப் போனேன். கோர்ட்டுக்குப் போனாலும் போவேன், அவளிடம் மட்டும் போக மாட்டேன் என்று இருந்தவள். போய்விட்டேன். அவள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். பாதியாக இளைத்துவிட்டாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. தோட்டத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறாராம், இவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் கேட்க வந்ததைக் கேட்பதற்கு முன் அவளே பேசினாள்.

"அன்னைக்கு ஒரு வார்த்த நான் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்த்தா. தொண்ட வரைக்கும் வந்துச்சு. தம்பிய மீறிச் சொல்லிட்டு நான் எங்கன போயி நிக்க? நாந்தேன் அவுகளக் கட்டச் சொன்னேன், நாந்தேன் வாய மூடிக்கிட்டும் இருந்தேன்." தலைமாட்டு டிரங்குப் பெட்டியைக் காட்டினாள். "கோடி எடுத்து வச்சிருக்கேன். ஒங்கம்மாவக் கூட்டியா. பெறந்த வீட்டு மொறைக்கு நானே நின்டு, ஊரக் கூட்டிப் போத்துறேன். எவன் கேக்குறான்னு பாத்துருவோம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, இரண்டு வருஷத்துக்குப் பிறகு. தெருவில் ஓட்டமும் நடையுமாக வந்தேன். அம்மா முற்றத்தில் வனிதாவைக் குந்தவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அம்மா சீப்பை நிறுத்தவில்லை.

"எதுக்கு?" என்றாள்.

"எதுக்கா? ஊரு முன்னாடி ஒன்னைய அப்பா பொண்டாட்டின்னு ஒத்துக்கிறதுக்கும்மா. அதுக்குத்தான அன்னைக்கு ஈரத் தலையோட ஒக்காந்திருந்த?"

"அன்னைக்கு வேணுமின்டு இருந்துச்சு. கொட்டுச் சத்தம் தெருமுனையத் தாண்டுற வரைக்கும் வேணுமின்டுதேன் இருந்துச்சு." அம்மா சிக்கு எடுத்தாள். "ஊரே கூடி நின்டு, இவ பொண்டாட்டி இல்லேன்டு தீர்ப்புச் சொன்னாக. சரின்டேன். பொண்டாட்டி இல்லாதவ எப்பிடித்தா முண்டச்சி ஆவா? அவுக சொன்னபடிதேன் நான் இருக்கேன். ஊர் பேச்ச மீறுனவ நான் இல்ல, இப்பக் கோடியத் தூக்கிட்டு வாராகல்ல, அவுகதேன்."

"அம்மா…"

"அக்கா மேல எனக்கு வருத்தம் இல்லேன்டு சொல்லு. ராத்திரிக்குக் கஞ்சி வச்சுக் குடுத்து விடுறேன்டு சொல்லு. சேல வேணாம்."

மல்லிகையை இரண்டாகக் கிள்ளி ஒன்றை வனிதாவின் பின்னலில் செருகினாள். மற்றதைத் தன் கொண்டையில் வைத்துக்கொண்டாள்.

நான் திரும்பி நடந்தேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை, அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பெரியம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சேலையை மடியில் போட்டுக் காத்திருந்தாள். முழுவதும் கேட்டாள். கோபப்படவில்லை. சேலையை மடித்து உள்ளே வைத்துப் பெட்டியை மூடினாள். கை தானாகப் போய் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டது.

"குடுத்து வச்சவ" என்றாள்.